குழாய்த் தூசியும் மூச்சுக்காற்றும்

வட அமெரிக்க வீடொன்றின் தரையில் பதித்திருக்கும் காற்றுவாய் மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டுத் துழாவினால் விரலோடு வருவது பெரும்பாலும் இவைதான்: கம்பளி போலத் திரண்ட சாம்பல் நிறத் தூசி, நீளத் தலைமயிர், வீடு கட்டியபோது விழுந்த சுவர்ப்பலகைத் தூள், ஒன்றிரண்டு திருகாணி, குழந்தை போட்ட கிரேயான் துண்டு. குளிர்காலம் முழுவதும் அறைக்குள் வரும் வெதுவெதுப்பான காற்று இந்தத் தூசியைக் கடந்துதான் வருகிறது. இதையா இத்தனை நாள் சுவாசித்தோம் என்று பார்த்த யாருக்கும் மனம் பதறும்.

காற்றுக்குழாயைத் துப்புரவு செய்தால் வீட்டுக் காற்று சுத்தமாகுமா? அங்கே வாழ்பவர்களின் தும்மலும் இருமலும் இளைப்பும் குறையுமா? கேட்பதற்கு எளிய கேள்விகள். ஆனால் துப்புரவுத் தொழிலாளர் ஒரு பதிலும், அரசு நிறுவனங்கள் ஒரு பதிலும், கட்டடப் பொறியியலாளர்கள் இன்னொரு பதிலும் சொல்லிவருகிறார்கள். டொராண்டோவை ஒட்டிய ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வீட்டுச் செலவோடு சேர்ந்த கேள்வி. பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஓடும் தகரக் குழாய், சாப்பாட்டு நேரத்தில் "டக்ட் கிளீனிங் செய்து தரட்டுமா?" என்று வரும் தொலைபேசி அழைப்பு, மூன்றும் அங்கே அன்றாடம். இந்த அழைப்புகளின் தொல்லை அளவு மீறியதால் கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அழைக்க வேண்டாம் என்று பதிந்துவைத்தவர்களையும் அழைத்த டக்ட் துப்புரவு விற்பனையாளர்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது.

அழைப்பவர்களில் ஏமாற்றுக்காரர்கள் இருப்பதாலேயே வேலை பயனற்றது என்று ஆகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கேள்விக்குள் நுழைய முடியும்.

அச்சத்தை விற்ற நிறுவனம்

குழாய்த் துப்புரவின் முன்கதை நிலக்கரிக் காலத்தில் இருக்கிறது. அப்போது ஃபர்னஸ் எரிந்தால் கரியும் சாம்பலும் படியும். ஆண்டுக்கு ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். தேவை உண்மையானது. அந்த உண்மையான தேவையின் மேல்தான் மோசடியும் வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் 1906இல் தொடங்கிய ஹாலண்ட் ஃபர்னஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள், சோதனை அதிகாரிகள் என்றும் வெப்பப் பொறியாளர்கள் என்றும் சொல்லிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள். பார்த்துச் சொல்கிறோம் என்று ஃபர்னஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதை மறுபடி பூட்டி எரித்தால் ஆபத்து என்று பயமுறுத்திப் புதியதை விற்றார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1958இல் இதற்குத் தடை ஆணை பிறப்பித்தது. ஆணையை மதிக்காத நிறுவனத்துக்கு 1,00,000 டாலர் அபராதமும், அதன் முன்னாள் தலைவர் செஃபுக்கு 6 மாதச் சிறையும் கிடைத்தன. 1966இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது.

இந்தப் பழைய வழக்கை நினைவில் வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் தன் கண்ணால் பார்க்க முடியாத இடத்தைப் பற்றி, அதைத் திறந்து பார்த்தவரே தீர்ப்பும் சொல்லி, பரிகாரமும் விற்கிற நிலைமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எரிவாயு ஃபர்னஸ் வந்த பிறகு கரிப் புகைக்கூண்டு மறைந்தது. மிஞ்சியது குழாய்.

1976க்குப் பிறகு

இன்று நாம் அறியும் வடிவில் இந்தக் கேள்வி எழுந்தது 1970களில். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கட்டடங்களை இறுக மூடினார்கள். வெளிக்காற்றை உள்ளே விடும் அளவும் குறைந்தது. அமெரிக்க வெப்ப, குளிர்விப்புப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1981இல் வெளியிட்ட தரம், புகை பிடிக்காத அலுவலகங்களில் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. 1989இல் அதே சங்கம் அதை 20 கன அடியாக உயர்த்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி என்று அலுவலக ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக முறையிட்டார்கள். கட்டட நோய்க்குறி என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது.

அதற்குச் சற்று முன்னால், 1976 ஜூலையில், ஃபிலடெல்ஃபியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபர்ட் விடுதியில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டி 34 பேர் நுரையீரல் அழற்சியால் இறந்தார்கள். காரணமான பாக்டீரியாவை நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசப் மெக்டேட் 1977 ஜனவரியில் கண்டுபிடித்தார். லெஜியனெல்லா என்று பெயர் வந்தது. ஏசி காற்றே ஆளைக் கொல்லும் என்ற அச்சம் அந்த மரணங்களோடு பொதுமக்கள் மனத்தில் ஊன்றியது. அந்தப் பாக்டீரியா வாழ்வது வெதுவெதுப்பான தண்ணீரில். சந்தேகம் விழுந்ததும் விடுதியின் குளிர்விப்புக் கருவியின் மேல். குழாய்க்குள் படிந்த உலர்ந்த தூசிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் அச்சம் வந்து படிந்த இடம் குழாய். தண்ணீருக்கும் தூசிக்கும் இடையில் நேர்ந்த அந்தக் குழப்பம் இன்றும் முழுதாகத் தெளியவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

துப்புரவாளர் தரப்பு

1989இல் அமெரிக்காவில் தேசியக் காற்றுக்குழாய்த் துப்புரவாளர் சங்கம் உருவானது. சுருக்கமாக நாட்கா. சங்கம் அமைந்ததும் வேலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. அறைகளின் காற்றுவாய்களை எல்லாம் அடைத்து, பெரிய குழாயில் உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்தி, குழாய் முழுவதையும் எதிர் அழுத்தத்தில் வைத்துக்கொண்டு, சுழலும் தூரிகையாலோ அழுத்தக் காற்றாலோ தூசியைக் கிளப்பி உறிஞ்சுவதுதான் முறையான வேலை. ஒரு வீட்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். குழாய் மட்டும் போதாது, விசிறி, குளிர்சுருள், நீர்த்தட்டு என அமைப்பு முழுவதும் துடைக்கப்பட வேண்டும் என்பதும் நாட்காவின் விதி. தூய்மையை அளக்கவும் ஓர் அளவுகோல் வைத்தார்கள். உறிஞ்சிச் சோதித்தால் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 0.75 மில்லிகிராமுக்கு மேல் தூசி எஞ்சியிருக்கக் கூடாது.

இவர்கள் வாதம் நேரடியானது. வீட்டின் காற்று ஒரு நாளில் பலமுறை இந்தக் குழாய் வழியாகச் சுற்றுகிறது. வழி அழுக்கானால் வருவதும் அழுக்கு. முறையான துப்புரவாளர்கள் இதை நேர்மையாகவே நம்புகிறார்கள். ஃபர்னஸுக்கு ஒரு குழல், காற்றுவாய்க்கு ஓர் ஊதல் என்று அரை மணியில் முடித்துவிட்டுப் போகும் மலிவு விலைக்காரர்களை அவர்களே கடுமையாகக் கண்டிக்கிறார்கள்.

அவர்கள் காட்டும் சான்றில்தான் பலவீனம். முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள் பரப்பைக் காட்டுகின்றன, காற்றைக் காட்டுவதில்லை. 0.75 மில்லிகிராம் என்ற அளவும் வேலை சரியாக முடிந்ததா என்பதற்கான அளவுகோல். உடல்நலத்துக்கும் அதற்கும் பாலம் போட்ட ஆய்வின் அடிப்படையில் எழுந்தது அல்ல. இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவது காற்று திரும்பிப் போகும் வாயின் கம்பிகளில் பஞ்சு போல் ஒட்டிய தூசி. அது ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் இடம். அறையின் தூசி உள்ளே போகும்போது ஒட்டியது. குழாயிலிருந்து வெளியே வந்தது அல்ல. காற்று வரும் வாயைச் சுற்றிக் கூரையிலும் கம்பளத்திலும் படியும் கரிய வளையமும் பலநேரம் அப்படித்தான். மெழுகுவத்திப் புகையும் அடுக்களைப் புகையும் கலந்த அறைக்காற்றை வாயிலிருந்து பாயும் காற்று தன்னோடு இழுத்து ஓரத்தில் தேய்ப்பதால் வரும் கறை அது. குழாயைக் குற்றவாளியாக்கும் தடயங்களில் பல, அறையிலிருந்து வந்த தடயங்கள்.

அரசு நிறுவனங்களின் பதில்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997 அக்டோபரில் வீட்டுக்காரர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதன் நிலைப்பாடு கவனமாக வகுக்கப்பட்டது. குழாய்த் துப்புரவு உடல்நலக் கேட்டைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. குழாய் அழுக்காக இருப்பதால் வீட்டுக் காற்றில் துகள் கூடுகிறது என்றும் ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ஆகவே ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை என்று அதைப் பரிந்துரைக்க முடியாது. மூன்று நிலைகளில் மட்டும் யோசிக்கலாம்: குழாய்க்குள்ளோ கருவியிலோ கண்ணுக்குத் தெரியும் அளவில் பூஞ்சணம் பிடித்திருந்தால், எலியோ பூச்சியோ குடியேறியிருந்தால், தூசி அடைத்துக்கொண்டு, காற்றுவாய் வழியாக அறைக்குள் துகள் கொட்டினால். செலவு ஓர் அமைப்புக்கு 450 முதல் 1,000 டாலர் வரை என்று அந்தக் கையேடு கணித்திருந்தது.

கனடா அடமான, வீட்டுவசதிக் கழகமும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. குழாயைத் துடைத்த பிறகு காற்றில் மிதக்கும் துகளிலும், குழாயில் ஓடும் காற்றின் அளவிலும் பெரும்பாலும் வேறுபாடு தெரிவதில்லை என்று அது வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவந்தது. எரிபொருள் செலவு குறையும் என்ற விளம்பரத்தையும் அது ஏற்கவில்லை.

இந்தப் பதிலிலும் ஓட்டை இருக்கிறது. நிரூபிக்கப்படவில்லை என்பதைப் பயனில்லை என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். சான்று இல்லாததற்கும், இல்லை என்பதற்குச் சான்று இருப்பதற்கும் தூரம் அதிகம். தூசி அடைத்துக்கொண்டால் என்று கையேடு சொல்கிறது. எவ்வளவு சேர்ந்தால் அடைப்பு என்று அளவு சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு கடைசியில் மறுபடியும் கதவைத் தட்டிய விற்பனையாளரிடமே போய்ச் சேர்கிறது.

அளந்து பார்த்தவர்கள்

வீடுகளில் நேரடியாக அளந்த ஆய்வுகள் சிலவே. 1993இல் ஒவ்வாமை மருத்துவ இதழொன்றில் கேரிசனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, காற்றமைப்பைத் துப்புரவு செய்த வீடுகளில் காற்றில் பூஞ்சண வித்துகள் குறைந்ததாகச் சொன்னது. துப்புரவுத் தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு இது. ஆனால் எடுத்துக்கொண்ட வீடுகள் சில மட்டுமே.

2001இல் வந்த அகமது, டான்செல், மித்ரானி ஆகியோரின் ஆய்வை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஒரே குடியிருப்பில், ஒரே மாதிரிக் கட்டப்பட்ட 8 வீடுகளை எடுத்தார்கள். உறிஞ்சு குழலால் துடைப்பது, அழுத்தக் காற்றால் ஊதுவது, சுழல் தூரிகை விடுவது என மூன்று முறைகள். முறைக்கு இரண்டு வீடு. மிச்சம் இரண்டு வீடுகளை ஒப்பீட்டுக்காகத் தொடாமல் விட்டார்கள். துப்புரவு நடக்கும்போது காற்றில் துகளும் நுண்ணுயிரும் கூடின. எதிர்பார்த்ததுதான். இரண்டு நாள் கழித்து அளந்தபோது நுண்ணுயிர் முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அழுத்தக் காற்று முறையில் குறைவு அதிகம். 1 மைக்ரான் அளவுத் துகளும் குறைந்தது. ஆனால் நுரையீரலின் அடியாழம் வரை போகக்கூடிய 0.3 மைக்ரான் துகள் கூடியிருந்தது. காரணம் குழாயில் இல்லை. வீட்டில் யாரோ சிகரெட் பிடித்திருக்கிறார்கள்.

இந்த முழுக் கேள்வியின் சிக்கலும் அந்த ஒரு சிகரெட்டில் தெரிகிறது. மனிதர் வாழும் வீட்டில் காற்றை அளந்தால் மனிதர் செய்வதெல்லாம் அளவில் ஏறுகிறது. குழாயிலிருந்து வரக்கூடிய சிறு மாற்றம் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகிறது. 2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சோதனை வீட்டில் பல பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடி நடத்திய ஹோம்கெம் ஆய்வில், ஒரு முழு விருந்துச் சமையல் நடந்த நாளில் 2.5 மைக்ரானுக்குட்பட்ட துகள் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டியது. ஒரு நாள் சமையலே இத்தனை என்றால், காய்ந்த மிளகாய் வறுத்து, எண்ணெய் புகையத் தாளிக்கும் நம் அடுக்களையில் குழாய்த் தூசியின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது இன்னும் கடினம். அடுப்புக்கு மேலிருக்கும் புகைவாங்கி வெளியே தள்ளாமல் உள்ளேயே சுற்றிவிடும் வகையாக இருந்தால், தாளித்த நெடி திரும்புகுழாய் வழியாக மாடி அறை வரைக்கும் போகும். குழாயைப் பளபளவென்று துடைத்துவைத்தாலும் போகும்.

2010இல் சுரைமி என்ற ஆய்வாளர் இன்டோர் ஏர் இதழில் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டார். குழாய்கள் அழுக்காவது உண்மை; முறையாகச் செய்தால் துப்புரவு அழுக்கை நீக்குவதும் உண்மை. ஆனால் அதன் பின் காற்றில் மாசு குறைவது சீராக இல்லை, சில ஆய்வுகளில் கூடியும் இருக்கிறது. உடல்நலம் தேறுகிறது என்றோ ஆற்றல் மிச்சமாகிறது என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை. இந்தத் துறையில் நிதானமாக எழுதப்பட்ட மதிப்பீடுகளில் இதை முதன்மையாகச் சொல்லலாம்.

தூசி ஏன் அங்கேயே கிடக்கிறது

கை நிறைய எடுத்த தூசிக்கும் மூச்சுக்காற்றுக்கும் ஏன் இவ்வளவு தொடர்பின்மை? விடை துகளின் அளவில் இருக்கிறது. 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இறங்கும். கூரை உயரத்திலிருந்து தரைக்கு வரக் கால் மணி நேரம்கூட ஆகாது. 1 மைக்ரான் துகள் அதே தூரத்தை இறங்க ஏறக்குறைய 19 மணி நேரம் எடுக்கும். ஆகவே குழாயின் அடித்தளத்தில் குவிவது பருமனான தூசி. நுரையீரலுக்குக் கேடு செய்யும் நுண்துகளில் பெரும்பகுதி குழாயில் தங்காமல் காற்றோடு கடந்துபோய்விடுகிறது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சிப்போலாவும் நசராஃபும் 2000களின் தொடக்கத்தில் குழாய்களில் துகள் படிவதை அளந்த வேலையும் இந்தத் திசையையே காட்டுகிறது.

படிந்த தூசி மறுபடி எழுமா? வீட்டுக் குழாயில் காற்று வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அந்த வேகம் மிகவும் தணிந்துவிடும். சிறிய துகள் பரப்போடு ஒட்டும் பிடிப்போ அதன் எடையோடு ஒப்பிட்டால் மிக வலுவானது. முதல் நாள் கிளம்பாத தூசி அதே காற்றில் நூறாவது நாளும் பெரும்பாலும் கிளம்பாது. கிளப்ப வேண்டுமானால் உலுக்க வேண்டும். உலுக்குவது பெரும்பாலும் தூரிகைதான்.

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. இது உலர்ந்த, சொரசொரப்பில்லாத தகரக் குழாய்க்குப் பொருந்தும். உட்புறம் கண்ணாடி இழை ஒட்டிய குழாய்க்கும், ஈரம் பட்ட தூசிக்கும் கணக்கு வேறு.

ஈரம்

குழாய்த் தூசியைவிட நீர் நிற்கும் இடத்தில் கண் வைக்க வேண்டும் என்பவர்கள் மூன்றாம் தரப்பு. என் மதிப்பீட்டில் இவர்களுடைய சான்றே வலுவானது. கோடையில் குளிர்சுருள் நனைந்தே இருக்கும். அதன் கீழே நீர்த்தட்டு. தகடுகளுக்கு இடையே தூசி சிக்கி, தட்டில் நீர் தேங்கினால் நுண்ணுயிர் வாழத் தேவையான உணவும் நீரும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. வீடு முழுவதற்குமான காற்று அதன் வழியாகத்தான் போகிறது.

2003இல் லான்செட் இதழில் மென்சீஸும் சகாக்களும் வெளியிட்ட மான்ட்ரியல் ஆய்வு இதைச் சோதித்தது. மூன்று அலுவலகக் கட்டடங்கள், 771 ஊழியர்கள். குளிர்சுருள் மேலும் நீர்த்தட்டின் மேலும் புற ஊதா விளக்குகளைப் பொருத்தினார்கள். 4 வாரம் எரியும், 12 வாரம் அணைந்திருக்கும். ஓராண்டில் மூன்று சுற்று. எப்போது எரிகிறது என்று ஊழியர்களுக்கும் தெரியாது, அவர்களைக் கேள்வி கேட்டவர்களுக்கும் தெரியாது. விளக்கு எரிந்த வாரங்களில் ஒளி பட்ட பரப்பில் நுண்ணுயிர் 99 சதவீதம் குறைந்தது. வேலையிடத்தோடு தொடர்புடைய அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன; மூச்சு தொடர்பான அறிகுறிகளில் குறைவு இன்னும் அதிகம். ஒவ்வாமை உள்ளவர்களும் புகை பிடிக்காதவர்களும் கூடுதலாகப் பயன்பெற்றார்கள். குழாயை யாரும் தொடவில்லை.

இது அலுவலகத்தில் நடந்தது. வீட்டுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகலாம். விளக்கு நேரடியாக என்ன செய்தது, எந்த வழியில் அறிகுறி குறைந்தது என்ற கேள்விகளும் மிச்சம் இருக்கின்றன. ஆனாலும், இன்ன நாளில் இன்னது நடக்கிறது என்று தெரியாத மனிதர்களிடம் கிடைத்த பலன் இது. குழாய்த் துப்புரவுக்கு ஆதரவாக இப்படி ஒரு சான்று இல்லை.

ஈரத்தின் பக்கம் நிற்கும் பெரிய மதிப்பீடுகளும் உண்டு. 2004இல் அமெரிக்க மருத்துவக் கழகமும் 2009இல் உலக சுகாதார நிறுவனமும் வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் இருமல், இளைப்பு, ஆஸ்துமா மோசமாதல் ஆகியவற்றோடு தொடர்பு உண்டு என்று முடிவுக்கு வந்தன. பூஞ்சணத்தை எடுப்பதற்கு முன் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அது திரும்பி வரும். நனைந்து பூத்த கண்ணாடி இழை உறையைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, கழற்றி எறிய வேண்டும் என்று 1997 கையேடும் சொல்கிறது. துப்புரவோடு சேர்த்து விற்கப்படும் கிருமிக்கொல்லித் தெளிப்பையும், உட்புறம் பூசும் மூடுபூச்சையும் வழக்கமாகச் செய்ய வேண்டியவையாக அந்த முகமை ஏற்கவில்லை. சுவாசிக்கும் காற்றின் வழியில் மருந்தடிப்பதன் விளைவு போதுமான அளவு ஆராயப்படவில்லை என்பது அதன் காரணம். குழந்தைகள் உறங்கும் அறைக்குக் காற்று போகும் குழாய் அது. இந்த எச்சரிக்கையை மிகை என்று சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டு வீடுகளில் குழாயே கிடையாது, சுவரில் ஸ்பிளிட் ஏசிதான். ஆனால் குளிர்சுருளும் நீர்த்தட்டும் அங்கேயும் உண்டு. உள்யூனிட்டிலிருந்து சுவரோரமாகத் தண்ணீர் ஒழுகினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று மெக்கானிக் சொல்வார். மான்ட்ரியலில் விளக்குப் பொருத்திய இடமும் அதுதான்.

ஒழுக்கும் வடிகட்டியும்

குழாயின் பொருத்துகளில் உள்ள விரிசலைப் பற்றிப் பேசும் பொறியியலாளர்கள் நான்காம் தரப்பு. அமெரிக்க வீடுகளில் குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஒழுகிப் போகிறது என்பது எனர்ஜி ஸ்டார் திட்டத்தின் கணக்கு. வெளியே ஒழுகினால் எரிபொருள் வீண். திரும்புகுழாயில் விரிசல் இருந்தால் காரியம் இன்னும் கெடுதல்: பேஸ்மென்டின் ஈரக்காற்று, பெயிண்ட் டப்பாவின் ஆவி, மண்ணிலிருந்து கசியும் ரேடான் ஆகியவற்றை அது உறிஞ்சி வீடு முழுக்கப் பரப்பும். சில வீடுகளில் நீர்ச்சூடேற்றியின் கார்பன் மோனாக்சைடு புகையைக்கூட உள்ளே இழுத்துவிடும். குழாய்க்குள் துடைப்பதால் இவற்றில் எதுவும் மாறாது.

பெர்க்லி ஆய்வகத்தில் ஷெர்மனும் வாக்கரும் 1998இல் பலவகை ஒட்டுப்பொருள்களை வெப்பத்திலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தபோது, தளர்ந்து பெயர்ந்துபோனது டக்ட் டேப் என்றே பெயர் பெற்ற துணிநாடா. பசைப்பூச்சும் வேறு சில நாடாக்களும் தாங்கின. அதே ஆய்வகத்தில் மோடெரா உருவாக்கிய முறையில் ஒட்டுத்துளிகளைக் காற்றோடு குழாய்க்குள் செலுத்தி விரிசல்களை உள்ளிருந்தே அடைக்கிறார்கள். ஆனால் ஒழுக்கை அடைத்தால் காற்றோட்டம் சீராகும், மாசு உள்ளே வருவது குறையும் என்பதற்கு இருக்கும் அளவு வலுவான சான்று, உடல்நலம் தேறும் என்பதற்கு இன்னும் சேரவில்லை. இந்தத் தரப்பின் பலவீனம் அதுவே.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபர்னஸோடு வரும் மெல்லிய கண்ணாடி இழை ஃபில்டர் விசிறியைக் காக்கும், மூச்சைக் காக்காது. ஃபில்டரின் பிடிப்புத் திறனைக் குறிக்கும் மெர்வ் அளவில் 13 என்று குறித்தவை நுண்துகளிலும் கணிசமான பங்கைப் பிடிக்கும். கொரோனாக் காலத்தில் ஆஷ்ரே பரிந்துரைத்ததும் அதைத்தான். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீப் புகை டொராண்டோவையும் நியூயார்க்கையும் மூடியபோது வீட்டுக்குள் பயன்பட்டதும் இதுவே. விசிறி ஓடினால்தான் ஃபில்டர் வேலை செய்யும். பழைய விசிறி அடர்ந்த ஃபில்டரைத் தாங்குமா என்று பார்த்துப் போட வேண்டும்.

வடக்கு ஐரோப்பா

ஃபின்லாந்து இதே கேள்வியை வேறு முனையிலிருந்து தொடங்கியது. அழுக்கான பின் துடைப்பதைவிட, அழுக்கில்லாமல் கட்டினால் என்ன? குழாய் செய்யும்போது படியும் எந்திர எண்ணெய்க்குக்கூட அங்கே தூய்மை வகைப்பாட்டில் வரம்பு உண்டு. கட்டுமானத்தின்போது குழாய்முனைகளை மூடிவைக்க வேண்டும். சுவீடனில் 1990களின் தொடக்கத்திலிருந்து அடுக்குமாடி, பள்ளி, அலுவலகக் கட்டடங்களின் காற்றோட்டத்தைக் கட்டடத்தின் வகைக்கேற்ப 3 அல்லது 6 ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது கட்டாயம். அங்கே முதலில் பார்ப்பது அமைப்பு ஓட வேண்டியபடி ஓடுகிறதா என்று. சோதிப்பவர் தகுதிச் சான்று பெற்றவர். பழுதைச் சொல்பவரும் பரிகாரம் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் பழைய சிக்கலை இந்த ஏற்பாடு ஓரளவு தளர்த்துகிறது. வட அமெரிக்கத் தனிவீடுகளுக்கு இப்படி ஓர் ஏற்பாடு வராதது உண்மையான இழப்பு.

திறந்தே இருக்கும் இடங்கள்

இதுவரை சேர்ந்த சான்றை வைத்துச் சொன்னால், உலர்ந்த குழாயின் சாதாரண வீட்டுத் தூசியை எடுப்பதால் மூச்சுக்காற்றில் நிலையான மாற்றம் வரும் என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. பூஞ்சணம், எலி எச்சம், கட்டுமானத் தூள் நிறைந்த குழாய் என்றால் துடைக்க வேண்டும் என்பதில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடப்பது பெரிய நிலம்.

எவ்வளவு தூசிக்கு மேல் கேடு என்ற எல்லைக்கோட்டை யாரும் உடல்நல அளவீட்டின் அடிப்படையில் வரையவில்லை. துடைத்த பயன் இரண்டு நாளைத் தாண்டி, ஒரு பருவம், ஓர் ஆண்டு நிற்குமா என்பதும் போதிய வீடுகளில் பார்க்கப்படவில்லை. காட்டுத்தீப் புகை வாரக்கணக்கில் உள்ளே ஓடிய குழாயில் படிந்த கரி பிறகு மெல்ல ஆவியை விடுமா என்ற கேள்வி இன்று கனடாவின் மேற்கு மாகாணங்களில் பலருக்கு உண்டு. தூசியை வைத்துச் சொன்ன இயற்பியல் விளக்கம் அதற்குப் போதாது.

எல்லாவற்றையும்விட, ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் வீடுகளைப் பற்றிய கேள்வி அவசரமானது. சராசரி வீட்டில் தெரியாத சிறு மாற்றம் அங்கே ஒரு குழந்தையின் இரவுத் தூக்கத்தில் தெரியக்கூடும், தெரியாமலும் போகலாம். சோதிக்க வழி இருக்கிறது. பாதி வீடுகளில் முறையாகத் துடைத்து, மீதி வீடுகளில் அதே ஆட்கள் அதே இயந்திரத்தை அதே நேரம் ஓடவிட்டு, குழாயைத் தொடாமல் திரும்பலாம். வீட்டார் பேஸ்மென்டுக்கு இறங்காமல் இருந்தால் போதும். பிறகு ஓராண்டுக்கு இளைப்பு வந்த நாள்களையும் மருந்து எடுத்த தடவைகளையும் குறித்துவைக்கலாம். மான்ட்ரியல் அலுவலகங்களில் விளக்கை எரித்தும் அணைத்தும் செய்ததை வீட்டுக் குழாய்க்குச் செய்து பார்க்கும் வேலை அது.